உடலின் சாட்சியங்கள் – 18: கடைமடை நார்களின் வழக்கு

தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் தவித்தால், ஊர் முதலில் சந்தேகிப்பது தண்ணீரை. அந்தச் சந்தேகத்துக்கு வலுவான வரலாறு இருப்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 1937-இல் கிண்டி கிங் நிறுவனத்தின் ஷார்ட், மருத்துவர் மெக்ராபர்ட், எக்ஸ்ரே நிபுணர் பர்னார்டு முதலியோர், அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில் முதுகு விறைத்துப்போனவர்களின் எலும்புகளை ஆராய்ந்து, அந்த நோயைக் கிணற்று நீரின் ஃபுளோரைடோடு இணைத்தார்கள். அதே கடும்பாறை நிலத்தடியின் கதைதான் தருமபுரியிலும் தொடர்ந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச அளவைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள், பழுப்பேறிய பற்கள், கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டிய முதியவர்கள் என்று நீண்ட அந்தக் கதையின் முடிவில், ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் செயல்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் அத்திட்டத்தின் பெயரிலேயே உண்டு. ஒரு நோயின் காரணம் உடலுக்கு வெளியே, குடத்துக்குள் இருந்தது. வேதியியல் தெரிந்தவர் அளந்து சொல்லிவிட முடிந்தது. இந்தப் பகுதி எடுத்துக்கொள்வது அதே மாதிரித் தோன்றும் வேறொரு முடக்கத்தை. அதன் காரணம் எந்தக் குடத்திலும் இல்லை. உடலின் காவல் அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சேதியில் இருக்கிறது.

அந்த முடக்கத்தின் பெயர் தசை அழற்சி. அதில் மூட்டு விறைப்பதில்லை. மற்றொருவர் பிடித்து மடக்கினால் கால் தாராளமாக மடங்கும். நோயாளியால்தான் அதைத் தூக்க முடியாது. பலவீனம் இடுப்பையும் தோளையும் சுற்றித்தான் முதலில் இறங்குகிறது. பால் கறக்கும் விரல்களில் வலு அப்படியே இருக்கும், கறந்த பாலைக் கேனோடு தூக்கித் தோளுயரத்துக்குக் கொண்டுபோக முடியாது. தலைமுடியைக் கோதி முடிவதற்குள் கை கீழே விழுந்துவிடும். பேருந்துப் படி மலையாகிவிடும். சிலருக்கு இதோடு இமைகளில் ஊதா கலந்த சிவப்பும், விரல் முட்டிகளின் மேல் தடித்த செந்நிறத் திட்டுகளும் வரும். வலி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பல ஆண்டுகள் ஃபுளோரைடு நீர் குடித்த ஊரில் இப்படி ஒருவரைப் பார்த்தால், "தண்ணி கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. பொதுவான காரணம் கைவசம் இருக்கும் இடத்தில் அரிய காரணம் கண்ணில் படாமல் போகும். பெருநகரத்திலும் இது தாமதமாகவே பிடிபடுகிறது என்பதற்கு, 'தங்கல்' படத்தில் சிறுமி பபிதாவாக நடித்த சுஹானி பட்நாகர் 2024 பிப்ரவரியில் 19 வயதில் டெல்லி எய்ம்ஸில் இறந்தது நாடறிந்த சான்று. அவருக்கு டெர்மட்டோமயோசைட்டிஸ், அதாவது தோல்-தசை அழற்சி என்பது இறுதிக் கட்டத்தில்தான் உறுதியானது என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

இந்த நோய்க்குக் கிடைத்த பெயர்களின் வரலாறு, கண்ணால் கண்டதை வைத்துப் பெயரிட்ட வரலாறு. 1863-இல் லைப்சிக் நகரத்து எர்ன்ஸ்ட் வாக்னர் அரியதொரு தசை நோயென்று ஒருவரைப் பற்றி எழுதினார். 1887-இல் அவரும், ஹெப், உன்வெரிக்ட் என்ற இருவரும் தனித்தனியே இத்தகைய நோயாளிகளை விவரித்தார்கள். பன்றி இறைச்சிப் புழுவால் வரும் தசை நோய் ஜெர்மனியில் அன்று அனைவரும் அறிந்தது என்பதால், புழு இல்லாத இந்த நோயை ஹெப் அதன் போலி என்றே பெயரிட்டார். தருமபுரியில் தண்ணீர் செய்வதை அங்கே பன்றி செய்திருக்கிறது. தோலையும் தசையையும் சேர்த்து டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற பெயரை உன்வெரிக்ட் 1891-இல் வைத்தார். அதன்பின் ஏறக்குறைய எழுபது ஆண்டுக்குப் பெரிய நகர்வு இல்லை. 1959-இல் ஜப்பானின் எபாஷி, தசைச் சிதைவு நோயில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் ஏறுவதைக் காட்டினார். ஆய்வகச் சீட்டில் இன்று சி.பி.கே. என்று எழுதப்படுவது அதுதான். 1975-இல் போஹனும் பீட்டரும் ஐந்து அளவுகோல்களை வகுத்தார்கள்: இருபுறமும் சமமான பலவீனம், பயாப்ஸி, நொதி, மின் பரிசோதனை, தோல் தடிப்பு. நாற்பது ஆண்டுக்கு மேல் உலகம் அதைத்தான் கையாண்டது. அந்த ஐந்தும் சேதத்தைச் சொல்பவை. சேதம் செய்தவரைச் சொல்பவை அல்ல. சி.பி.கே. ஏறியிருந்தால் தசை கசிகிறது என்று அறியலாம். கசியவைத்தது யார் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. நோய் மும்முரமாக இருக்கும்போதே சி.பி.கே. இயல்பாக இருக்கும் தோல்-தசை அழற்சி நோயாளிகளும் உண்டு.

என் தரப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோய்களை, எது பாழானது என்பதைக் கொண்டு பிரிப்பதைவிட, எந்தச் சேதியால் பாழானது என்பதைக் கொண்டு பிரிப்பதே சரி. தோல்-தசை அழற்சியில் அந்தச் சேதி இன்டர்ஃபெரான் என்ற புரதம். அது சாம்பலில் மிஞ்சிய வாடை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நெருப்பே அதுதான் என்பதற்குச் சான்று குவிந்துவிட்டது. இதை நிறுவ, அதற்கு முன் அரியணையில் இருந்த கொள்கையை அதன் முழு வலுவோடு எடுத்து வைப்பதே நேர்மை.

தசையைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நார்கள் கற்றை கற்றையாகத் தெரியும். தோல்-தசை அழற்சியில் கற்றையின் நடு நார்கள் ஓரளவு செழிப்பாகவும் ஓர நார்கள் சூம்பியும் இருக்கும். வேறு தசை நோய்களில் இந்த ஓரச் சூம்பல் அரிது. 1966-இல் பேங்கரும் விக்டரும் குழந்தை நோயாளிகளின் உடலெங்கும் ரத்தக்குழாய்கள் கெட்டிருப்பதை விவரித்தார்கள். 1986-இல் கிஸ்ஸல், மெண்டல், ராம்மோகன் ஆகிய மூவர், காம்ப்ளிமென்ட் எனப்படும் ரத்தப் புரதங்களின் தாக்குதல் வளையம் தசையின் தந்துகிக் குழாய்களில் படிந்திருப்பதைக் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்தால் கதை கச்சிதமாக அமைந்தது: ஏதோவொரு ஆன்டிபாடி தந்துகிகளைத் தாக்குகிறது, தந்துகிகள் அழிகின்றன, ரத்தம் குறைகிறது, வாய்க்காலில் நீர் வற்றும்போது முதலில் காய்வது கடைமடை என்பதுபோல, கற்றையின் ஓர நார்கள் வாடுகின்றன. இதற்குத் துணையாக 1984-இல் மேயோ கிளினிக்கின் அரஹாட்டாவும் எங்கலும் தசைக்குள் நுழைந்த காவல் அணுக்களை வகை பிரித்து எண்ணினார்கள். தோலைத் தொடாத பாலிமயோசைட்டிஸில் சி.டி.8 என்ற கொல்லி அணுக்கள் உயிருள்ள நாருக்குள்ளேயே ஊடுருவியிருந்தன. தோல்-தசை அழற்சியில் சி.டி.4 அணுக்களும் பி அணுக்களும் குழாய்களைச் சுற்றி மொய்த்திருந்தன. சி.டி.4 என்றால் உதவி அணு, உதவி அணு பி அணுவுக்கு ஆன்டிபாடி செய்ய உதவும், ஆன்டிபாடி குழாயைத் தாக்கும். பாடநூல்கள் இருபது ஆண்டு இதைத்தான் எழுதின. இன்றும் பல மாணவர்கள் தேர்வில் இதை எழுதித்தான் தேறுகிறார்கள்.

இந்தக் கதை வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், தசையோடு சம்பந்தமில்லாத இடத்தில் மற்றொரு கதை ஓடியது. 1954-இல் டோக்கியோவில் நகானோவும் கோஜிமாவும், செயலிழந்த அம்மை வைரஸ் கொடுத்த முயல் தோலில் வைரஸைத் தடுக்கும் ஏதோ ஒன்று சுரப்பதைக் கண்டார்கள். 1957-இல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் அலிக் ஐசக்ஸும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஷான் லிண்டன்மனும், சூட்டில் கொன்ற இன்ஃபுளுவென்சா வைரஸைக் கோழி முட்டைக் கருவின் சவ்வோடு சேர்த்து வைத்தார்கள். சவ்விலிருந்து வெளிவந்த நீரைப் புதிய சவ்வின் மேல் விட்டபோது, அதில் உயிருள்ள வைரஸ் வளரவில்லை. வைரஸுக்குக் குறுக்கே நிற்பதால் இன்டர்ஃபெரான் என்றார்கள். லிண்டன்மன் அதோடு நிற்கவில்லை. ஏ2ஜி என்ற எலி இனம் மற்ற எலிகளைக் கொல்லும் இன்ஃபுளுவென்சாவுக்கு அசையாமல் இருப்பதை 1962-இல் அறிவித்தார். அந்த எதிர்ப்புக்கான மரபணுவுக்கு எம்.எக்ஸ். என்று பெயர் வந்தது. இன்டர்ஃபெரான் அந்த மரபணுவின் மூலமாகத்தான் இன்ஃபுளுவென்சாவைத் தடுக்கிறது என்பதை அவரும் ஓட்டோ ஹாலரும் 1980 வாக்கில் நிறுவினார்கள். மனித உடலில் அதற்கு இணையான புரதம் எம்.எக்ஸ்.ஏ. ஒரு திசுவில் எம்.எக்ஸ்.ஏ. நிறைந்திருக்கிறது என்றால் அங்கே இன்டர்ஃபெரான் வந்து போயிருக்கிறது என்று பொருள். இன்ஃபுளுவென்சாவைத் துரத்திய லிண்டன்மன் கண்ட இன்டர்ஃபெரானும் எம்.எக்ஸ்.-உம் அரை நூற்றாண்டுக்குப் பின் மனிதத் தசையில் சந்தித்தன. அறிவியலில் இவ்வளவு நேர்த்தியான தற்செயல் அடிக்கடி வாய்ப்பதில்லை.

தசைக்காரர்கள் இன்டர்ஃபெரானின் காலடித் தடத்தை முன்பே பார்த்திருந்தார்கள் என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி. 1960-களின் இறுதியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தோல்-தசை அழற்சி நோயாளிகளின் தந்துகிச் சுவர் அணுக்களுக்குள் வலைபோல் பின்னிய நுண்குழல் உருவங்கள் தென்பட்டன. லூப்பஸ் என்ற மற்றொரு தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களிலும் அவை இருந்தன. பலர் அவற்றை வைரஸ் என்றே எண்ணினார்கள். 1967-இல் சௌ என்பவர் நாள்பட்ட தசை அழற்சியில் தாம் கண்ட வேறுவகை இழைகளையும் மிக்ஸோவைரஸ் போன்றவை என்றுதான் விவரித்தார். வைரஸைத் தேடி வளர்க்க முயன்றவர்களுக்கு எதுவும் வளரவில்லை. 1981-இல் ரிச் என்ற ஆய்வாளர், வைரஸே இல்லாத மனித அணுக்களில் இன்டர்ஃபெரானைச் சேர்த்தால் அந்த வலைக்குழல்கள் தாமாகத் தோன்றுவதைக் காட்டினார். அதாவது நுண்ணோக்கியில் தெரிந்தது வைரஸ் அன்று; வைரஸ் வந்துவிட்டதாக உடல் எழுப்பிய கூக்குரலின் தடம். லூப்பஸ் ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு முன்னே போனார்கள். தசைக்காரர்கள், என்ன காரணமோ, இன்னும் இருபது ஆண்டு கடைமடைக் கதையிலேயே நின்றார்கள்.

பாஸ்டன் நகரின் ஸ்டீவன் கிரீன்பர்க்கும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தேக்கத்தை உடைத்தது. தசைத் துணுக்குகளில் எந்தெந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன என்று ஆயிரக்கணக்கில் ஒருசேர அளக்கும் முறை அப்போது கைக்கு வந்திருந்தது. தோல்-தசை அழற்சியில் உச்சத்தில் நின்றவற்றுள் பெரும்பாலானவை ஆல்ஃபா, பீட்டா வகை இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள். எம்.எக்ஸ்.ஏ. புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, சூம்பிய ஓர நார்களிலும் தந்துகிகளிலும் அது அடர்ந்து நின்றது. அரஹாட்டாவும் எங்கலும் எண்ணிய சி.டி.4 அணுக்களுக்கும் மறுவிசாரணை நடந்தது. அவற்றில் கணிசமானவை உதவி அணுக்களே அல்ல. பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரைட்டிக் அணுக்கள். இன்டர்ஃபெரானை மிக அதிகமாகச் சுரப்பவை அவையே என்பது 1999-இல்தான் உறுதியாகியிருந்தது. எண்ணிக்கை சரி, ஆளடையாளம் தவறு. அதன்மேல் கட்டிய ஆன்டிபாடிக் கதை ஆட்டம் கண்டது. 2017-இல் டோக்கியோவில் உருஹா, நிஷினோ குழுவினர் மூன்று சான்றுகளையும் ஒரே தராசில் நிறுத்தார்கள். நாரினுள் எம்.எக்ஸ்.ஏ. இருப்பது நோயாளிகளில் 71 விழுக்காட்டினரைப் பிடித்தது. ஓரச் சூம்பல் 47 விழுக்காட்டினரை. தந்துகியில் காம்ப்ளிமென்ட் வளையம் 35 விழுக்காட்டினரை. தவறாகப் பிறரைப் பிடிக்காத துல்லியம் எம்.எக்ஸ்.ஏ.-வுக்கு 98 விழுக்காடு. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய நரம்புத்தசை மையத்தின் 239-ஆவது கருத்தரங்கு, இந்த நோயைப் பயாப்ஸியில் உறுதிசெய்ய ஓரச் சூம்பலுக்கு இணையான சான்றாக எம்.எக்ஸ்.ஏ.-வை ஏற்றது.

இங்கே எழும் முதல் மறுப்பு கனமானது. தசை எந்தக் காரணத்தால் பாழானாலும் காவல் அணுக்கள் வரும், சேதிகள் பறக்கும். அவற்றில் ஒன்றைப் பிடித்து நீயே குற்றவாளி என்பது, தீயணைப்பு வண்டியைத் தீ வைத்தவன் என்று சொல்வதாகாதா? ஆகும், சான்று இவ்வளவோடு நின்றால். ஆனால் பிற தசை அழற்சிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கடுமையாக நார்கள் மடியும் நெக்ரோடைசிங் மயோபதியில் சி.பி.கே. பல ஆயிரங்களைத் தொடும். தசையில் இன்டர்ஃபெரான் தடமோ மிகக் குறைவு. சேதத்தின் விளைவாகவே சேதி எழுகிறது என்றால் அங்கேதான் அது உச்சத்தில் இருக்க வேண்டும். முதியவர்களின் இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸில் ஓங்கி நிற்பது காமா வகை இன்டர்ஃபெரான்; ஆல்ஃபா, பீட்டா அல்ல. நுரையீரலையும் தாக்கும் ஆன்டிசிந்தடேஸ் நோயில் சேதம் அதே கற்றை ஓரத்தில்தான் விழுகிறது, ஆனால் நார்கள் சூம்புவதற்குப் பதிலாக மடிகின்றன, எம்.எக்ஸ்.ஏ. பெரும்பாலும் இல்லை. ஒரே இடத்தில் இருவேறு சேதம், இருவேறு சேதி. இடத்தைக் கொண்டு நோயைப் பெயரிட்டவர்கள் இரண்டையும் ஒரே பையில் போட்டிருப்பார்கள், போட்டார்கள்.

அடுத்து, சேதியைத் தனியே கொடுத்துப் பார்த்த சோதனைகள் உள்ளன. 2000-இல் கன்னெபோயின நாகராஜுவும் பால் பிளாட்ஸும், இன்டர்ஃபெரான் உயர்த்தும் எம்.எச்.சி. முதல் வகைப் புரதத்தை எலியின் தசை நாரில் மட்டும் மிகையாக்கினார்கள். வெளியிலிருந்து எதுவும் கொடுக்காமலே எலிகளுக்குத் தசை அழற்சி வந்தது; சிலவற்றில் மனித நோயாளிகளில் காணும் ஆன்டிபாடிகளும் தோன்றின. தசை வெறுமனே அடிவாங்குகிற அப்பாவி அல்ல, அதுவும் சேதி பரப்புகிறது என்பதை அந்த எலிகள் காட்டின. 2018-இல் பாரிஸ் குழுவொன்று வளர்ப்புத் தட்டிலுள்ள மனிதத் தசை அணுக்களுக்கு ஆல்ஃபா, பீட்டா அடங்கிய முதல் வகை இன்டர்ஃபெரானைக் கொடுத்தது. அவை நோயாளியின் நார்களைப் போலவே மெலிந்தன. தந்துகிச் சுவர் அணுக்களும் கெட்டன. சேதியை அணுவின் உள்ளே கடத்தும் ஜேக் நொதிகளை ருக்ஸோலிட்டினிப் மருந்தால் தடுத்தபோது அந்தச் சேதம் குறைந்தது. தட்டில் ரத்த ஓட்டமே கிடையாது. ஆக ரத்தம் குறையாமலேயே நார் சூம்ப முடியும். காம்ப்ளிமென்ட் வளையத்தை நான் மறுக்கவில்லை. தந்துகிகளும் இன்டர்ஃபெரானால் தாக்குண்டவை என்று கொண்டால், கிஸ்ஸல் குழு கண்டது அதே நிகழ்ச்சியின் மற்றொரு முகமாகிறது. விலங்குகளில் ரத்தத்தைத் தடுத்துச் செய்த சில சோதனைகளில் சேதம் கற்றையின் நடுவில் விழுந்ததையும் கடைமடைக் கொள்கை விளக்கியாக வேண்டும். இன்டர்ஃபெரான் கட்சிக்கும் ஒரு கடன் பாக்கி: சேதி எங்கும் பரவ, ஓர நார்கள் மட்டும் ஏன் முதலில் வாடுகின்றன? இதற்கு அனைவரும் ஏற்ற விடை இல்லை. விடை இல்லாத கேள்வி கொள்கையின் குறைதான். ஆனால் அதைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கான குறை அல்ல.

மனிதரில் கிடைத்த சான்றே கடைசித் தீர்ப்பு. கல்லீரல் அழற்சிக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸுக்கும் இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குத் தசை அழற்சி புதிதாகக் கிளம்பிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. மறுதிசையில், எலும்பு மஜ்ஜை நோய்க்கு ருக்ஸோலிட்டினிப் எடுத்த ஒருவருக்கு, எதற்கும் அடங்காதிருந்த தோல்-தசை அழற்சி தணிந்ததை 2014-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். பீட்டா இன்டர்ஃபெரானை மட்டும் பிடித்து முடக்கும் டசுகிபார்ட் என்ற ஆன்டிபாடியை, போலி மருந்தோடு ஒப்பிட்டு நோயாளிகளுக்குக் கொடுத்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2025-இல் வந்தது. தோல் நோய் தெளிவாகக் குறைந்தது. தீயணைப்பு வண்டியை நிறுத்தினால் தீ அணையாது, இங்கே அணைகிறது. அதே சமயம் நிதானமும் வேண்டும்: அந்தச் சோதனை முதலில் எடைபோட்டது தோலை. தசை பற்றிய உறுதியான சொல்லை அதிலிருந்து மட்டும் எடுப்பது அவசரம்.

இதெல்லாம் பாஸ்டனுக்கும் பாரிஸுக்கும் சரி, தருமபுரியின் பாலக்கோட்டுக்கும் அரூருக்கும் என்ன பயன் என்பது மற்றொரு மறுப்பு. எந்தத் தசை அழற்சியானாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுக்கத்தானே போகிறோம், பெயர் எதற்கு? இந்த வாதத்தில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸுக்கு ஸ்டீராய்டு உதவுவதில்லை. கொடுத்தால் மிஞ்சுவது சர்க்கரையும் எலும்புத் தேய்வும் தொற்றும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையோடு தொடர்புள்ள எச்.எம்.ஜி.சி.ஆர். ஆன்டிபாடி நோயை 2011-இல் மேமன் குழு அடையாளம் காட்டியது. அதற்கு மாத்திரையை நிறுத்துவதே முதல் வேலை, அது மட்டும் போதாது என்பது அடுத்த பாடம். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வாழும் நாட்டில், தேவையற்ற ஒவ்வொரு மாத ஸ்டீராய்டும் உறங்கும் கிருமியை எழுப்பும் சூது. ஜேக் தடுப்பான்களில் ஒன்றான டோஃபாசிட்டினிப் இந்திய மருந்தகங்களில் பொதுப்பெயர் மாத்திரையாகவே கிடைக்கிறது. அதற்கும் காசநோய், அக்கி ஆபத்து உண்டு. எவருக்குப் பொருந்தும் என்று தெரியாமல் கொடுப்பதைவிடக் கொடுக்காமலிருப்பது மேல். வளம் குறைந்த இடத்தில்தான் பிரித்தறிவது அதிகம் தேவைப்படுகிறது. அங்கே தவறான மருந்தைத் திருத்திக்கொள்ள இரண்டாம் வாய்ப்பு குறைவு.

இந்த மண்ணுக்கென்று தனிக் காரணமும் இருக்கிறது. 2003-இல் ஒகாடா முதலியோர் பல நாட்டு மையங்களின் நோயாளிகளை ஒப்பிட்டு, புறஊதாக் கதிர் கூடக்கூடத் தசை அழற்சி நோயாளிகளில் தோல்-தசை வகையினரின் பங்கும், மி-2 என்ற ஆன்டிபாடி உள்ளவர்களின் பங்கும் கூடுவதைக் காட்டினார்கள். லக்னோ சஞ்சய் காந்தி நிறுவனத்தின் 2016 ஆய்விலும் குறிப்பிட்ட ஆன்டிபாடிகளில் முன்னே நின்றது மி-2. தருமபுரி வட அட்சரேகை 12 பாகையில் இருக்கிறது. மல்பெரித் தழை வெட்டுவதும் தக்காளி பறிப்பதும் வெயிலில் நடக்கும் வேலைகள். கழுத்தும் முன்மார்பும் சிவந்து தடித்து வருவதை வெயில் கருக்கியது என்று தள்ளிவிடுவது அங்கே இயல்பு. வழக்கமான ரத்தச் சோதனையும் கைவிடக்கூடும். அழற்சி என்றதும் நாம் பார்க்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இந்த நோயில் பல சமயம் இயல்பாகவே வரும். சி.ஆர்.பி. ஏறுவது பெரும்பாலும் ஐ.எல்.-6 என்ற வேறொரு சேதியால். இன்டர்ஃபெரான் அதைத் தூண்டுவதில்லை, அமுக்குகிறது என்று லூப்பஸ் ஆய்வுகள் சொல்கின்றன. "ரத்தத்துல அழற்சி ஒண்ணும் இல்லை" என்ற சீட்டோடு வீடு திரும்புபவரின் தசையில் இன்டர்ஃபெரான் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

பயாப்ஸிதான் வழி என்றால் வழியில் பனி வேண்டும். எடுத்த தசைத் துணுக்கை உப்பு நீரில் போட்டுவிடக் கூடாது. உப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பனிப்பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய், திரவ நைட்ரஜனில் குளிரூட்டிய ஐசோபென்டேனில் அமிழ்த்தி உறையவைக்க வேண்டும். மெதுவாக உறைந்தால் நாருக்குள் பனிப்படிகம் பிடித்து ஓட்டை ஓட்டையாகிவிடும், எதையும் படிக்க முடியாது. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்காகத் திரவ நைட்ரஜன் கலன் இருக்கிறது. மனிதத் தசைக்காக அதை வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு வேலூரோ பெங்களூரு நிம்ஹான்ஸோ போக வேண்டியிருக்கிறது. இதனால்தான் ரத்தத்தில் படிக்கக்கூடிய சேதிகள் முக்கியமாகின்றன. இன்டர்ஃபெரான் தூண்டுதலால் அணுக்கள் உமிழும் சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற புரதமும், கலெக்டின்-9 என்பதும் குழந்தைகளின் தோல்-தசை அழற்சியில் நோயின் ஏற்ற இறக்கத்தைச் சி.பி.கே.-யைவிடத் துல்லியமாகத் தொடர்கின்றன என்று உட்ரெக்ட் நகரை மையமாகக் கொண்ட பன்னாட்டுக் குழு 2019-இல் காட்டியது. அவற்றை வடிதாளில் உலர்த்திய ஒரு சொட்டு ரத்தத்திலேயே அளக்கலாம் என்பதும் அதே ஆய்வின் செய்தி. உலர்ந்த தாளுக்குப் பனிப்பெட்டி வேண்டாம். சித்தேரி மலையிலிருந்தும் அஞ்சலில் போகும்.

ஆனால் இந்த வழியை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்ற மறுப்பை நானே எழுப்ப வேண்டியிருக்கிறது, ஏனெனில் அது சரியான மறுப்பு. சி.எக்ஸ்.சி.எல்.10 தசை அழற்சிக்கு மட்டும் உரியதல்ல. டெங்குவில் ஏறும், கொரோனாவில் ஏறும், காசநோயில் ஏறும். காசநோயைக் கண்டறியும் குறியாகவே அதைப் பயன்படுத்தலாமா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எம்.எக்ஸ்.ஏ.-வின் வலுவே அதைத் தசை நாரின் உள்ளேயே, இருந்த இடத்தில் பார்ப்பதில்தான். ரத்தத்தில் மிதக்கும் குறி எந்த உறுப்பிலிருந்து வந்ததென்று சொல்லாது. டெங்கும் காசநோயும் அரிதான ஊரில் வகுத்த எல்லை எண்ணை இங்கே வைத்தால், காய்ச்சல் பருவத்தில் பாதிப் பேருக்கு நோய் முற்றிவிட்டதாகக் காட்டும், மருத்துவர் ஸ்டீராய்டை ஏற்றுவார். நோயை முதலில் கண்டுபிடிக்க இந்தக் குறி உதவாது என்றே கருதுகிறேன். வேறு வழியில் உறுதியான ஒருவரிடம், அவருடைய பழைய அளவோடு புதிய அளவை ஒப்பிட்டு, காய்ச்சலும் இருமலும் இல்லாத நாளில் எடுத்துப் பார்த்தால் பயன்படும். அதற்கும் எல்லைக்கோட்டைத் தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரி மக்களின் ரத்தத்தில் அளந்துதான் போட வேண்டும்.

இதுவரை இன்டர்ஃபெரானை யார் முதலில் கிளப்பியது என்று கேட்காமலே வந்திருக்கிறோம். 1980-இல் நிஷிகாயும் ரெய்க்லினும் ஒரு நோயாளியின் ரத்தத்தில் கண்ட ஜோ-1 ஆன்டிபாடியும், 2005-இல் ஜப்பானில் சாட்டோ கண்டு, பின்னர் வைரஸை மோப்பம் பிடிக்கும் எம்.டி.ஏ.5 புரதத்தைத் தாக்குவதாகத் தெரியவந்த ஆன்டிபாடியும் அந்தக் கேள்வியின் இரு முனைகள். அடுத்த பகுதியை அங்கிருந்து தொடங்கலாம்.